மேற்கில் சூரியன் முளைக்கும் பாட்டு

கொழும்பில் நான் எழுதிய பிழையைத் தினமும் யாராவது எனக்கே பாடிக் காட்டுகிறார்கள். இன்று பொரளை பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்தபடியே கண்டக்டர் முணுமுணுத்தார்: "வெள்ளவத்தைக் கடலில சூரியன் முளைக்குது, வேலைக்குப் போற சனமெல்லாம் சிரிக்குது." அவர் சிங்களவர். அவருக்குத் தெரிந்த தமிழே இந்த இரண்டு வரிதான்.

சென்னை நண்பர்களே, வெள்ளவத்தைக் கடல் ஊருக்கு மேற்கே இருக்கிறது. அங்கே சூரியன் மறையும், முளைக்காது.

திருவொற்றியூரில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் விடியல். வேலைக்காக இங்கே வந்த முதல் வாரம் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்தேன். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் போனதில்லை. அலுவலக வண்டியைத் திருத்தக் கொடுத்த இடத்தில் பழக்கமானவர் நியாஸ். பாமன்கடையில் அவருக்கு ஒரு கராஜ். மாலையில் கார்களை வெளியே தள்ளிவிட்டு, கூட்டாளிகளோடு காது கிழிய கிட்டார் அடிப்பார். தமிழில் பாட்டு கேட்டார், எழுதிக் கொடுத்தேன். பிழையைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் மாற்றவில்லை. பிறகு ஒரு கிரிக்கெட் போட்டியில், தோற்கவிருந்த அணிக்காகக் கூட்டம் அதைப் பாட, அணி வென்றுவிட்டது. அன்றிலிருந்து வென்றாலும் அதுதான், போன கரண்ட் திரும்பினாலும் அதுதான்.

கட்டடங்கள் எழுந்த ஆண்டையும் தெருக்கள் பெயர் மாறிய தேதியையும் சரிபார்த்து எழுதுவது என் பொழுதுபோக்கு. அப்படிப்பட்டவன் எழுதியதில் ஊர் வைத்துக்கொண்டது இந்த ஒரு தப்பைத்தான். கடலோரக் காலிமுகத்திடலில் நடக்கும் கச்சேரியில் பாட்டைப் பதிவுசெய்து வெளியிடப்போகிறார்கள் என்றதும், 'மறையுது' என்று திருத்தச் சொல்லி நியாஸிடம் ஓடினேன்.

"மறையிதுன்னு பாடினா சனம் எழும்பி ஊட்டுக்குப் போயிரும் அண்ணே."

"பதிவாகிவிட்டால் அப்புறம் திருத்தவே முடியாது, நியாஸ்."

"சரி, ஒங்களுக்காக ஒருக்காப் பாடிப் பாக்குறன்."

கச்சேரியில் 'மறையுது' என்றே பாடினார். கூட்டம் 'முளைக்குது' என்று அவர் குரலை மூடிவிட்டது. நான் மட்டும் விடாமல் திருத்திய வரியைப் பாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தோளைத் தட்டினார்.

"தம்பி, பிழையாப் பாடுறீர். கொழும்புக்குப் புதுசோ?"

"சூரியன் இங்க மறையுதுங்கம்மா."

"ஓம், அது எங்களுக்குத் தெரியாதோ? பேசாமல் எங்களோட சேர்ந்து பாடும்."

மறுபடி அந்த வரி வந்தபோது நானும் சேர்ந்துகொண்டேன். கண்முன்னே சூரியன் கொழும்புக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. என் வாயில் அது திருவொற்றியூர்க் கடலில் முளைத்தது.