கோச்சைத்தான் கேக்கணும்

இராஜாங்கத்துக்கு இரண்டு வேலை. தை மாசம் அறுப்பு தொடங்கினால் ஆலங்கரை நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவார். அறுப்பு ஓய்ந்து வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும் பங்குனி, சித்திரையில், எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கிற இடமெல்லாம் போய் மைக் பிடித்து ஆட்டம் சொல்வார். முதல் வேலைதான் வீட்டில் உலை வைத்தது. ஆனால் மன்னார்குடி வட்டாரத்தில் மூட்டை தூக்குகிற இராஜாங்கம் எங்கே என்று கேட்டால் எல்லாரும் முழிப்பார்கள். மைக் இராஜாங்கம் என்றால் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

மைக்கில் அவர் நடுநிலைமை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆலங்கரை யூத் கிளப் கோல் போட்டால் பக்கத்து ஊர் மாடுகள் மிரளும். எதிரணி போட்டால், ஒயரில் ஏதோ கோளாறு என்று குனிந்து தட்டிக்கொண்டிருப்பார். அதிலும் பந்து பரிதியின் காலுக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். “பரிதி போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை விட்டு அவரும் போய்விடுவார். மைக் ஒயர்தான் இழுத்துப் பிடிக்கும். பரிதி அவருடைய தம்பி. பதினான்கு வயது இளையவன். இராஜாங்கம் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை.

அந்த டீமுக்குக் கோச் சகாயநாதன். குடவாசல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தபால்காரராக ஆலங்கரைக்கு வந்தவர், இளவயதில் தபால் இலாகா டீமுக்கு ஆடியவர். சம்பளம் கிடையாது, சாயங்காலம் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு மைதானத்துக்குள் இறங்குவார். கத்த மாட்டார். ஒருவன் பந்தைத் தவறவிட்டால் பக்கத்தில் போய், கடிதம் கொடுக்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருவார்.

ஆலங்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. சீசன் தொடங்கும்போது வெற்றிலை பாக்கோடு தட்டில் ஒரு பித்தளை விசிலை வைத்துக் கோச்சிடம் கொடுப்பார்கள். சீசன் முடிந்ததும் கோச் அதைத் தட்டில் திருப்பி வைக்க வேண்டும். ரசிகர்கள் உட்கார்ந்து பேசி, அடுத்த வருஷமும் அவரே என்றால் அங்கேயே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கிற கை இராஜாங்கத்தின் கை. ஒன்பது வருஷமாக அந்த விசில் தட்டில் நாலு நிமிஷத்துக்கு மேல் இருந்ததில்லை.

தொண்ணூற்றொன்றில் கோப்பை ஜெயித்தார்கள். அதற்குப் பிறகுதான் பிடித்தது சனி. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆலங்கரைக்காரர்களுக்குத் தெரிந்த கதவு மன்னார்குடி ஏஜெண்டு ஆபீஸ் கதவு ஒன்றுதான். காவிரியில் தண்ணீர் ஒழுங்காக வராத வருஷங்கள் வேறு. கோல்கீப்பர் சிங்கப்பூர் போனான். நடுவில் ஆடிய இரண்டு பேர் குவைத் போனார்கள். ஒவ்வொருவன் பாஸ்போர்ட்டும் பதிவுத் தபாலில் வரும், கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக் கொடுப்பவர் சகாயநாதன். தன் டீமைத் தானே ஒவ்வொரு கவராகப் பட்டுவாடா செய்தார். டீம் தோற்க ஆரம்பித்தது.

தொண்ணூற்றைந்தில் எப்படியோ முட்டி மோதி மறுபடியும் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். எல்லாம் பரிதியின் இடது காலால். அதே வாரம் பரிதிக்குத் துபாய் விசாவும் கூடி வந்தது. புதன்கிழமை மெட்ராஸில் மெடிக்கல். விசா விஷயத்தை ஆலங்கரையில் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். விமானம் ஏறிய பிறகுதான் பெற்ற தாயே பக்கத்து வீட்டில் சொல்லுவாள். சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்று அப்படி ஒரு பயம்.

இராஜாங்கத்துக்கு இன்னொரு பயமும் இருந்தது. போன வருஷம் செமிஃபைனலில், டீமில் ஆடிய சாமிதுரைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவனுக்கும் மெடிக்கல் பதினைந்து நாளில் இருந்தது. இந்த அறுப்பு முழுக்க அவன் கொள்முதல் நிலையத்தில் காலை இழுத்து இழுத்து நடந்து, இராஜாங்கத்தோடு சாக்கு தைத்துக்கொண்டிருந்தான். தினமும் எட்டு மணி நேரம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இராஜாங்கம்.

வெள்ளிக்கிழமை தபாலாபீஸுக்குப் போனார். சகாயநாதன் தனியாக உட்கார்ந்து கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

“சார், ஞாயித்துக்கிழமை பரிதியை எறக்காதீங்க.”

சகாயநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

“புதன்கெழமை மெடிக்கல் சார். சாமிதுரை கதை ஒங்களுக்குத் தெரியாததா?”

“நீங்க வந்தது பரிதிக்குத் தெரியுங்களா?”

“தெரிஞ்சா விடுவானா? கால் போனாலும் ஃபைனல் ஆடுவேம்பான். நான் கேட்டேன்னு அவனுக்கு மட்டுமில்ல, யாருக்குமே தெரிய வேணாம் சார்.”

சகாயநாதன் இன்னும் இரண்டு கடிதங்களுக்கு முத்திரை குத்தினார். “சரிங்க, சொல்ல மாட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

ஃபைனலில் பரிதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதல் பாதியில் ஒன்றும் புரியாமல் கோச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பாதியில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். பட்டுக்கோட்டைக்காரர்கள் இரண்டு கோல் போட்டார்கள். அன்றைக்கு இராஜாங்கம் ஒயரைத் தட்டவில்லை. இரண்டு கோலையும் உள்ளது உள்ளபடி சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலை, பூசை முடிந்து சகாயநாதன் வந்ததும் கூட்டம் கூடியது. தூங்குமூஞ்சி மரத்தடியில் வைரக்கண்ணுவின் டீக்கடை பெஞ்சுகளைப் போட்டிருந்தார்கள். நடுவே தட்டில் வெற்றிலை பாக்கு. சகாயநாதன் விசிலைத் தட்டில் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

“கோச்சை மாத்தணும்” என்று ஆரம்பித்தான் வைரக்கண்ணு. டீ ஆற்றுகிற கையோடு வந்திருந்தான். “ஆத்துல தண்ணி இல்லேன்னு மணல்ல கொண்டுபோய்ப் பயிற்சி குடுத்தாரு. மணல்ல ஒதைச்சுப் பழகிட்டுத் தரையில ஒதைச்சா பந்து பட்டுக்கோட்டைக்கே போயிடுது!”

“ஆத்துல தண்ணி வராததுக்கும் கோச்தான் காரணமா? மேட்டூர் சாவி அவர் சட்டைப் பையிலயா இருக்கு?” என்றார் சைக்கிள் கடை ஜெய்னுலாபுதீன். ஊரில் சகாயநாதனுக்காகப் பேச அன்றைக்கு இருந்த ஒரே வாய் அது. “ஏழு பேர் டீம்ல அஞ்சு பேரு ஃபாரின்ல இருக்கான். மிச்சத்துக்கு மீசையே மொளைக்கல. இந்த லட்சணத்துல ஃபைனல் வரைக்கும் கொண்டாந்தாரே, அதுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தியா நீ?”

“பாய், ஃபாரின் போனவனையா அவர் ஒக்கார வெச்சாரு? ஊர்ல இருக்கறவனைத்தானே ஒக்கார வெச்சாரு!”

கூட்டம் ஹோவென்று கத்தியது. வைரக்கண்ணு இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினான்.

“நீங்க சொல்லுங்கண்ணே. பரிதி ஏன் ஆடல? ஒங்க தம்பிதானே. ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

மெடிக்கல் தேறிவிட்டது. விமானம் ஏற இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பரிதியும் நின்றான். கடைசி பெஞ்சில் சகாயநாதன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு நிமிஷம் இராஜாங்கத்துக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“கோச்சைத்தான் கேக்கணும்” என்றார்.

எல்லாரும் கோச்சைப் பார்த்தார்கள். சகாயநாதன் எழுந்தார். “என் முடிவுதாங்க. அன்னிக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு” என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பரிதி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ‘சார்’ என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. விசில் தட்டிலேயே கிடந்தது.

தஞ்சாவூரிலிருந்து பயிற்சிப் பட்டயம் வாங்கிய ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் சொந்த விசிலோடு வந்தார், ஆகவே தட்டிலிருந்து இராஜாங்கம் எடுத்து வைத்த பித்தளை விசில் அவர் மைக் பெட்டியிலேயே தங்கிவிட்டது. புதுக் கோச் நன்றாகத்தான் கத்தினார். இரண்டே வருஷத்தில் மிச்சம் இருந்தவர்களுக்கும் மீசை முளைத்தது, பாஸ்போர்ட்டும் வந்தது. ஆலங்கரை யூத் கிளப் என்று சொல்ல ஏழு பேர் சேரவில்லை. கோச்சை மாற்றலாமா என்று சண்டை போடக்கூட ஒரு டீம் இல்லாமல் போயிற்று. சித்திரை வெயிலில் அந்த மரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் இராஜாங்கத்துக்கு அந்தக் கூச்சல் காதில் கேட்கும். வைரக்கண்ணுவின் வசவு, ஜெய்னுலாபுதீனின் நக்கல், ஒவ்வொருவரும் தான்தான் பெரிய ஆட்டக்காரன் என்கிற மாதிரி கையை ஆட்டிப் பேசியது, எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்து நினைத்து ஏங்குவார். அந்தக் கடைசி ஞாயிறு மட்டும் நடுவில் வந்து நிற்கும்.

அதைவிடக் கொடுமை, பரிதியின் கடிதங்கள். மாசம் ஒன்று துபாயிலிருந்து வரும். கொண்டுவருபவர் வேறு யார்? சகாயநாதன்தான். வாசலில் மணி அடித்து, இராஜாங்கத்தின் மனைவி அம்சவல்லியிடம் கொடுத்துவிட்டு, “தம்பி நல்லா இருக்கானாம்மா?” என்று கேட்பார். “நல்லா இருக்கான் சார், ஒங்களைக் கேட்டிருக்கான்” என்று அம்சவல்லி மரியாதைக்குச் சொல்லுவாள். எந்தக் கடிதத்திலும் பரிதி அவரைக் கேட்டதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் இராஜாங்கத்துக்கு எழுந்து வாசலுக்கு வரக் கால் வராது. அப்புறம் ஊரில் டெலிஃபோன் வந்தது, கடிதம் நின்றது, சகாயநாதனும் ரிட்டையர் ஆனார். அப்பாடா என்று இருந்தது என்று சொன்னால் பொய். மாசம் ஒருமுறை கேட்ட சைக்கிள் மணியும் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

இரண்டாயிரத்தேழு மே மாசம், ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் லீவில் வந்து சேர்ந்தார்கள். லீவுக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒரு ஆட்டம் வைக்கலாம் என்று ஜெய்னுலாபுதீன் கிளப்பிவிட்டார். இராஜாங்கம் மைக் பெட்டியைத் தூசி தட்டினார். சாமிதுரை ரெஃப்ரி. சகாயநாதனையும் கூப்பிட்டிருந்தார்கள். மைதானத்தின் எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பரிதி போகிறார், போகிறார்” என்று மைக்கில் சொன்னாரே தவிர, பரிதி எங்கும் போகவில்லை. துபாய் அவனுக்குத் தொந்தி போட்டு அனுப்பியிருந்தது. இடைவேளையில் மைக் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்க சோடா குடித்தான். வைரக்கண்ணு விடுவானா?

“தொண்ணூத்தஞ்சு ஃபைனல்ல மட்டும் ஒன்னை எறக்கியிருந்தா அந்தக் கோப்பை இன்னிக்கு நம்ம ஊர்ல இருக்கும்டா.”

“கோப்பையை விடுண்ணே” என்றான் பரிதி. எதிர்ப்பக்கத்துக் குடையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். “நான் ஆடுனது பத்தாதுன்னு நெனச்சுட்டாருல்ல, அதான் இன்னும் ஆறல. பன்னெண்டு வருஷமா பெட்டுல படுத்தா அந்த பெஞ்சுதான் வருது. போறப்ப அவர்கிட்ட சொல்லிக்காமக்கூடப் போயிட்டேன்.”

இராஜாங்கத்துக்கு ஏசுவதற்குக்கூட ஆள் இல்லை, தன்னைத் தவிர. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சகாயநாதன் பேர் கெட்டது ஊர் நடுவில், நாலு பேர் கேட்க. மைக்கை எடுத்தார்.

“ஆட்டம் காண வந்திருக்கும் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு” என்று வழக்கம்போலத்தான் தொடங்கினார். அதற்குமேல் மைக் தமிழ் வரவில்லை. “தொண்ணூத்தஞ்சு ஃபைனல்ல பரிதி ஏன் ஆடலேன்னு கேட்டீங்கல்ல. கோச்சைக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க. நான்தான் தபாலாபீஸுக்குப் போயி எறக்காதீங்கன்னு சொன்னேன். மெடிக்கல் இருந்துச்சு. கால் போயிடுமோன்னு பயந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் நான்தான் கேட்டுக்கிட்டேன். அந்த மனுஷன் சொல்லல. மரத்தடியில எல்லாரும் திட்டுனப்ப நானும் வாயைத் தொறக்கல. தப்பு என் பேர்ல.”

வைரக்கண்ணு கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தான். பரிதி அண்ணனை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்கு இராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பரிதி எழுந்து மைதானத்தின் குறுக்கே நடந்தான்.

அவன் பின்னாலேயே இராஜாங்கமும் போனார், மைக் பெட்டியிலிருந்து பித்தளை விசிலை எடுத்துக்கொண்டு. வெற்றிலைக்கும் தட்டுக்கும் எங்கே போவது? வேட்டி முனையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். சகாயநாதன் வாங்கிக்கொண்டார்.

“ஏன் சார் எங்கிட்டகூடச் சொல்லல?” என்றான் பரிதி.

“ஒருத்தர் நம்பிக் குடுத்ததைப் பிரிச்சுப் பாக்கற வேலையா நான் பாத்தேன்?” என்றார் சகாயநாதன். அறுபத்தைந்து வயதுக் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. குடையை மடக்கி வைத்தார். பரிதியின் தொந்தியை மேலும் கீழுமாகப் பார்த்தார். “ரொம்ப மூச்சு வாங்குது ஒனக்கு. செகண்ட் ஹாஃப் நீ ஆட வேணாம். இங்க ஒக்காரு.”

பரிதி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்தான். பெரியவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். பன்னிரண்டு வருஷத் தூசி போக இரண்டு தரம் ஊத வேண்டியிருந்தது. இராஜாங்கம் ஓட்டமும் நடையுமாக மேசைக்குத் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“பரிதி இரண்டாவது பாதியில் ஆட மாட்டார். கோச் உட்கார வைத்துவிட்டார்” என்று அறிவித்தார். “இதைப் பத்தி எவனாவது வாயைத் தொறந்தீங்க, தெரியும் சேதி!”