ஊசி நுழையாத மரத்தரை

முப்பத்தாறாம் வருஷம் சிங்காநல்லூர் மில் தொழிலாளி சென்னியப்பன் தன் வீட்டுத் தரையோடு மல்லுக்கு நின்றார். குளத்தை ஒட்டிய வீடு, மண்தரையில் எந்நேரமும் ஈர ஓதம். மனைவி மாசாணியம்மாளுக்கு முழங்கால் வீங்கி எழுந்து நடக்க முடியாமல் போனது. அவளுடைய அண்ணன் அரங்கசாமி வந்து பெருந்துறைக்குக் கூட்டிப் போய்விட்டார். போகும்போது ஒரே பேச்சுதான். "தரை காயட்டுங்க மாப்ள. அப்புறம் அனுப்பறனுங்க." நியாயமான மனிதர். அதனாலேயே சென்னியப்பனுக்குக் கோபப்படக்கூட வழியில்லை.

உக்கடத்தில் பழைய மரம் விற்கும் யூனுஸ், விஷயத்தைக் கேட்டுவிட்டு, வால்பாறையில் ஒரு துரை பங்களாவைப் பிரித்தபோது வந்த தேக்குத் துண்டுகளைக் காட்டினார். சாண் நீளத் துண்டுகள், பூட்ஸ் கால் பட்டுப் பட்டு வழவழத்தவை.

"அடுப்புக்குத்தான் போகப்போகுது. எடுத்துட்டுப் போங்க, தங்கச்சி கால் தேறட்டும்" என்றார். சென்னியப்பன் வழியெல்லாம் அந்த மனிதரை வாழ்த்திக்கொண்டே வந்தார்.

மில் லீவு நாட்களில் மண்ணைத் தோண்டி, கல் பரப்பி இடித்து, சுண்ணாம்பு போட்டுக் கெட்டிப்படுத்தினார். அதன்மேல் தாரைக் காய்ச்சி ஊற்றித் துண்டுகளைப் பதித்தார். மரவேலை தெரியாதவர். சுவரோடு சுவராக, ஊசி நுழைய இடமில்லாமல் நெருக்கி அடித்தார். அந்த நெருக்கத்தில் அவருக்கு ஏகப் பெருமை. வந்தவர்களையெல்லாம் குனிந்து பார்க்கச் சொல்லித் தொந்தரவு செய்தார்.

பெருந்துறைக்குச் சேதி போனது. மாசாணியம்மாள் வருவதற்கு முந்தின சாயங்காலம் அவர் ஷிப்டுக்குப் போனதும், பக்கத்து வீட்டுப் பாப்பாயி ஆசையாசையாக ஒரு காரியம் செய்தாள். வீட்டுக்காரி திரும்பி வருகிறாள், மெழுகாத வீட்டிலா கால் வைப்பாள்? குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, சாணியைக் கரைத்து மரத்தின்மேல் மெழுகிவிட்டாள். விடிந்து சென்னியப்பன் வந்து பார்த்தால், நனைந்த மரம் உப்பி, விரிய இடமில்லாமல் நடுவீட்டில் மேடு கட்டி நின்றது.

அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். பாப்பாயி கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு சென்னியப்பன் சுவரோரம் உட்கார்ந்து ஒரு துண்டை உளியால் பெயர்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே ஒரு விரல் இடம் விட்டிருந்தால் மரம் அதுபாட்டுக்கு விரிந்து காய்ந்திருக்கும். இடம் விடாதது அவர்தான்.

அதற்குள் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. அரங்கசாமி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுலயும் ஈரமுங்களா மாப்ள? அம்மணி, வண்டில ஏறு."

மாசாணியம்மாள் ஏறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பெயர்த்த இடத்தில் கையை விட்டுத் தடவினாள். அடியில் காய்ந்து கிடந்தது. சாணி வாசம் மூக்கில் ஏறியதும் சிரித்துவிட்டாள்.

"ஈரம் மேலதானுங்ணா, அடில இல்லீங்க. நான் வருவேன்னு பாப்பாயக்கா மெழுகி வெச்சிருக்குது. நீங்க போய்ட்டு வாங்க" என்று அந்த மேட்டின்மேலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

தன் வீட்டுக்காக எத்தனை பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டுக்குப் போய், சாத்திய கதவைத் தட்டினார்.

"ஏனுங்கக்கா, அவ வந்துட்டாளுங்க. வந்து பாருங்க."