சிவப்புக்குப் போன முள்ளு

அம்மாவுக்கு ரேடியேஷன் ஆரம்பிச்சதுல இருந்து வெயில் பட்டாலே கழுத்து எரியும். எங்க கார்ல ஏசி செத்துக் கெடந்துச்சு. பெட்ரோல் குடிக்கும்னு அப்பா வருஷக்கணக்கா போட விடல. போடாமலே கெடந்து சீல் காஞ்சு, கேஸ் மொத்தமும் லீக்காயிருச்சு.

எஞ்சினியரிங் முடிச்ச நமக்குத் தெரியாததான்னு, ஆன்லைன்ல கேஸ் கேன் வாங்கி வீட்டு வாசல்லயே ஏத்தினேன். ஜில்லுனு காத்து வந்துச்சு. அதோட நிறுத்திருக்கணும். அம்மாவுக்காச்சேன்னு இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். பிரஷர் கூடி கேன்ல இருந்த கேஜ் முள்ளு சிவப்புக்குப் போச்சு, கம்ப்ரசர் நின்னுபோச்சு.

"பெரிய பிஸ்தா! சாரமில்ல மோனே, பரவால்ல, ஜன்னலத் தெறந்துட்டுப் போலாம்"னாங்க அம்மா.

அப்பா பின்சீட்டுல அம்மா பக்கத்துல உக்காந்து, ஈரத்துண்ட ஜன்னல்ல பிடிச்சார். "போட விடாதது நாந்தானடே"ன்னார். ஆஸ்பத்திரி போற வழியில, கிழக்கேகோட்டை சிக்னல்லயே துண்டு காஞ்சுபோச்சு. பாட்டில் தண்ணிய ஊத்தி மறுபடி நனைச்சார்.