மத்தியானம் வராத பெண்

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. பழுப்பேறிய நோட்டைப் பார்த்து நான் வாசிப்பேன், அவர்கள் எழுதுவார்கள். எனக்கே கொட்டாவி வரும்.

ஒருநாள் நோட்டை மூடிவிட்டுக் கரும்பலகையில் ஒரு பிரச்சினையை எழுதினேன். சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பெண். காலையில் முதல் ஆளாகக் கை தூக்குவாள், மத்தியானம் வரமாட்டாள். பத்து நாளில் சரியாகாவிட்டால் பேரை அடித்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

"காரணத்தைக் கண்டுபிடிங்க. இனிமே பாடம் அதுலேர்ந்துதான்" என்றேன்.

"பரீட்சைக்கு வருமா சார்?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

இருந்தாலும் எல்லோரும் குழுக்களாகப் பிரிந்து அந்தப் பள்ளிக்குப் போய்வந்தார்கள். நான்கு ஆண்கள் சூழ்ந்து நின்று கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாளாம். தாழ்வு மனப்பான்மை என்றது ஒரு குழு, பிடிவாதம் என்றது இன்னொன்று. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முன்வரிசைப் பெண்கள் கொடுத்த தாளில் மட்டும் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் எரிச்சலில் அவர்களைப் பார்த்துக் கத்திவிட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா?"

அந்தப் பேட்டையிலிருந்தே படிக்க வந்த ஒருத்தி எழுந்தாள்.

"அங்க பொண்ணுங்க பாத்ரூமுக்குத் தாப்பா இல்ல சார். சாப்பாட்டு பெல் அடிச்சதும் அது வீட்டுக்கு ஓடுது. வீடு கூவத்துக்கு அந்தாண்ட. திரும்பி வர்றதுக்குள்ள கேட்டை மூடிடறாங்க. இத்த ஆம்பளைங்ககிட்ட எப்படி சார் சொல்லும்?"



"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"எங்களுக்கும் அதே வெக்கந்தான் சார்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாளே ஒரு தச்சரை அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் முதலில் முறைத்தார். பிறகு தாழ்ப்பாளைப் பொருத்தி முடிக்கும்வரை கூடவே நின்றார்.

அடுத்த வாரம் முழுக்க மத்தியானமும் அந்தச் சிறுமி வகுப்பில் இருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் மார்தட்டாத குறையாக அதைச் சொல்லிவிட்டு, "அடுத்த பிரச்சினையை நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அன்று எழுந்து சொன்னவள் இந்தத் தடவை தயங்கவில்லை.

"நம்ம காலேஜ்லயும் தாப்பா இல்ல சார்" என்றாள்.