பெரியம்மாவுக்கு இரண்டு சட்டமூலம்

என் கணவரை வளர்த்தது அவருடைய பெரியம்மா. பெற்ற தாய் இவர் தவழ்கிற வயதிலேயே போய்விட்டார். மன்னாரில் இருந்த பெரியம்மாதான் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, ஆளாக்கி ஒக்லாந்துக்கு அனுப்பினார். வீட்டில் நாங்கள் அவரை அம்மா என்றுதான் சொல்வோம். இந்த நாட்டுச் சட்டத்துக்கு மட்டும் அவர் அம்மா இல்லை. பெற்றவள் செத்தால் சம்பளத்தோடு மூன்று நாள் துக்க லீவு. பெரியம்மா செத்தால் ஒரு நாள், அதுவும் முதலாளி மனம் வைத்தால்.

பெரியம்மா படுக்கையில் விழுந்தபோது இவர் இருந்த லீவையெல்லாம் வழித்தெடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து ஒரே கதை.

"அவ போற அண்டைக்கும் நான் இங்க தகனினி வேர்ஹவுஸில ஃபோர்க்லிஃப்ட்தான் ஓடிக்கொண்டு நிப்பன், பாரும்."

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், நான் எங்கள் பகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். அந்த அம்மா வெள்ளைக்காரி, நல்ல மனுசி. பெரியம்மா, சின்னம்மா, சித்தப்பா யாராக இருந்தாலும் வளர்த்தவர் என்றால் பெற்றவர் கணக்குத்தான் என்று ஒரு சிறிய சட்டமூலம் எழுதலாம், என் பெயரிலேயே முன்மொழிகிறேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மெதுவாக மிச்சத்தைச் சொன்னார். அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் சட்டமூலங்களுக்கெல்லாம் இலக்கம் கொடுத்து, அந்த இலக்க வில்லைகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். எடுபட்டால்தான் சபைக்கு வரும். இல்லையென்றால் டின்னிலேயே கிடக்கும்.

ஐயோ கடவுளே, நாடாளுமன்றம் என்று நம்பிப் போனால், இது என்ன கார்னிவல் லொத்தரா?

டின்னைத் தாண்ட ஒரே ஒரு வழி இருந்தது. அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் அறுபத்தொரு பேர் ஆதரித்தால் குலுக்கலே இல்லாமல் நேரே சபைக்குப் போகலாம். ஒரு கட்சியால் அது முடியாது. எதிர்க்கட்சியில் ஒருவர் தன்னோடு இணைந்து முன்மொழியச் சம்மதிக்கிற நிலையில் இருக்கிறார், இரண்டு பக்கத்துப் பெயரும் மேலே இருந்தால் இரண்டு பக்கத்துப் பின்வரிசைக்காரரும் ஒப்பமிடுவார்கள், உங்கள் சமூகமும் ஒரே குரலில் கேட்டால் நல்லது என்றார்.

ஒரே குரலில். எங்களிடம்!

மேடையில் விளக்கை யார் முதலில் ஏற்றுவது என்ற சண்டையில் ஏற்கெனவே இரண்டாகப் பிளந்த சங்கம் எங்களுடையது. பழைய சங்கத்தின் தலைவர் விசயத்தைக் கேட்டவுடனே பொங்கல் விழாவுக்கு எம்.பி.யைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, 'எமது சங்கத்தின் சட்டமூலம்' என்று முகநூலில் படம் போட்டுவிட்டார். இன்னும் முன்மொழியவே இல்லை, அதற்குள் பொன்னாடை! படத்தைப் பார்த்த புதுச் சங்கத்தின் செயலாளருக்கு நித்திரை போயிருக்கும். அடுத்த கிழமையே லின்ஃபீல்டில் ஒரு மண்டபம் எடுத்து, அந்த எதிர்க்கட்சி எம்.பி.யைக் கூட்டிவந்து இன்னும் பெரிய பொன்னாடையாகப் போர்த்தி, "நீங்கள் ஏன் ரெண்டாவது பேரா நிக்க வேணும், நீங்களே தனியாக் கொண்டுவாங்கோ" என்று ஏற்றிவிட்டார். அந்த மனுசனும் ஏறிவிட்டார். அதே விசயம், நாலு சொல் மாற்றி, தனிச் சட்டமூலம்.

நான் செயலாளருக்கு ஃபோன் எடுத்துக் கத்தினேன்.

"தங்கச்சி, ஏன் டென்சன்? ஒண்டுக்கு ரெண்டா இருந்தால் சான்ஸ் கூடத்தானே?"

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அண்ணை! ஒரே மாதிரி ரெண்டு வந்தால் அதில ஒண்டைத்தான் டின்னுக்க விடுவினம். எதை விடுறது எண்டதுக்கே தனியா ஒரு குலுக்கல்!"

"அப்ப எங்கடதான் வரட்டும் எண்டு வேண்டிக்கொள்ளுங்கோ."

தலைவருக்கும் எடுத்தேன். அவனைப் பின்வாங்கச் சொல், பிறகு பார்ப்போம் என்றார். இரண்டு எம்.பி.மாரும் மற்றவரின் சட்டமூலத்தை ஆதரிக்கவில்லை. அறுபத்தொரு பேர் என்ற கதை அத்தோடு சரி. அந்த முதல் குலுக்கலிலேயே ஒன்று தள்ளுபட்டுப் போனது, மற்றது டின்னுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எந்தச் சங்கத்தினுடையது என்று கேட்கவும் எனக்குப் பொறுமை இல்லை. இவர் மட்டும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்.

"எடுபட்டதாமோ?"

"இல்லையப்பா."

சட்டமூலம் டின்னில் கிடக்கும்போதே பெரியம்மா போய்விட்டார்.

செய்தி வந்த அன்று இவருக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, சட்டத்தில் உள்ளதைக் கொடுத்தார்கள். கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகள் வந்து சேரவேண்டும் என்று அடக்கத்தை இரண்டு நாள் தள்ளினார்கள். அடக்கத்தன்று இவருக்குப் பின்னேர ஷிஃப்ட். சுகமில்லை என்று சொல்லுங்கோ என்றேன். அம்மாவை அடக்கம் செய்யிற நாளில பொய் சொல்ல மாட்டன் என்று சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே காலை, இங்கே பின்னேரம். தேவாலயத்தில் நடந்த அடக்கப் பூசையை நான் தனியாக ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு மணி அடித்தது. வாசலில் தலைவர் மலர்வளையத்தோடு. அவருக்குப் பின்னால், தன்னுடைய மலர்வளையத்தோடு, செயலாளர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்.

"தம்பி எங்க?" என்றார் தலைவர்.

"வேலைக்குப் போயிட்டார்."

"இண்டைக்கோ?" என்றார் செயலாளர். "அடக்கம் எல்லோ?"

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஃபோனை மேசையில் நிமிர்த்தி வைத்தேன்.

"பெட்டியில முகம் மூடப்போகினம். மகன் நிக்க வேண்டிய நேரம். அவர் இல்லை, நீங்கள் ரெண்டு பேரும் நிண்டு பாருங்கோ" என்றேன்.