சாப்ரியானின் மண்டைச் சவ்வு

சாப்ரியானின் மண்டைக்குள் ஆட்டுத்தோலை வைத்துத் தைத்துவிட்டார்களாம். ரொட்டிக்கடை ஸ்டான்கா சொன்னாள். அவளுக்குச் சொன்னது அவளுடைய நாத்தனார்.

சாப்ரியான் எங்கள் மலையூரின் கைதாக்காரர். ஆட்டுத்தோல் பையில் காற்றை ஊதி நிரப்பி வாசிக்கும் அந்தக் கைதா முழங்காமல் இங்கே மணப்பெண் வாசல் தாண்டமாட்டாள். அறுவடைக் காலத்தில் அவர் பிளம் மரத்திலிருந்து விழுந்தார். நெற்றி வீக்கம் வடிந்துவிட்டது. மூக்கிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சளிதானே என்று, தேன் விட்டுச் சூடாக்கிய பிளம் சாராயத்தை வாரக்கணக்கில் குடித்தார். அது மூளையைச் சுற்றியுள்ள நீர் என்று பிளாவ்திவ் நகரத்து டாக்டர் பென்ச்சேவ் சொன்னபோதுதான் சாராயத்தை நிறுத்தினார். தலைத்தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒட்டிக்கிடக்கும் மெல்லிய சவ்வை உரித்து, உள்ளே மடித்து விட்டு, மூக்குக்கு மேலே எலும்பில் விழுந்திருந்த ஓட்டையை அடைத்தார் டாக்டர்.

"ஆட்டுத்தோலா? போடி, அது என் சொந்தத் தோலு. பை கிழிஞ்சா அதே ஆட்டோட கால்தோல வச்சு ஒட்டுப் போடறோம்ல? அது மாதிரி" என்றார் சாப்ரியான்.

"அப்ப இனிமே தலையத் தட்டினாலே பாட்டு வரும்னு சொல்லுண்ணே!" என்றாள் ஸ்டான்கா.

குளிர்காலம் முழுக்கக் கைதா ஆணியில் தொங்கியது. மகள் விஹ்ராவின் கல்யாணத்துக்குச் சற்று முன்புதான் டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு அனுமதித்தார். "ஊதலாம். ஊதினதும் குனிஞ்சு பாருங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே கிளம்பி வாங்க. ஒண்ணும் விழலேன்னாலும் அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிடுங்க."

கல்யாணக் காலையில் வாசலருகே விஹ்ரா தயங்கினாள். "வேண்டாம்ப்பா. மாப்பிள்ளை வீட்டுல ஸ்பீக்கர் கொண்டாந்திருக்காங்க."

"பெட்டி பாடி என் பொண்ணு படி தாண்டறதா? அதுக்கு நான் மரத்துலயே தொங்கியிருக்கலாம்."

ஊதினார். பை உப்பியது. முகம் சிவந்தது. முற்றம் முழுக்க மணப்பெண்ணைப் பார்த்தது. நான் அவர் மூக்கையே பார்த்தேன். விஹ்ரா படியைத் தாண்டினாள்.

வாசித்து முடித்துக் குனிந்தார். ஸ்டான்கா தன் இடுப்பில் முன்பக்கம் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவர் மூக்குக்குக் கீழே விரித்துப் பிடித்தாள்.

"என்னடி, ஏதாவது விழுதா?"

"மாவு மாதிரி காஞ்சு கிடக்குண்ணே!"

முற்றமே கத்தியது. சாப்ரியான் மறுபடி கைதாவை அக்குளில் இடுக்கினார். கைகோத்து வட்டமாக ஆடத் தொடங்கினோம். மேசையில், கிண்ணங்களுக்கு நடுவே, அவருடைய போன் அதிர்ந்தது. திரையில் பென்ச்சேவ் பெயர். சாப்ரியானுக்கு வாயும் கையும் ஓயவில்லை. என் ஒரு கை ஸ்டான்காவின் பிடியில், இன்னொன்று மாப்பிள்ளையின் மாமாவிடம்.

"பாவம், எடுக்கலேன்னா டாக்டர் பயந்துடப் போறார்" என்றேன்.

"அடிக்கட்டும், நீ காலை எடுத்து வை!" என்று இழுத்தாள் ஸ்டான்கா.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.