பொறுப்பாளரைக் காணவில்லை

பிர்னோ நகரத்து டிராம் நிறுத்தங்களில் தொங்கும் கால அட்டவணைகளை அச்சடித்துக் கொடுப்பது லுபோருக்குப் பிழைப்பு. அது சம்பளத்துக்கு. மனுஷன் உயிரைக் கொடுத்து உழைத்தது வேறொன்றுக்கு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் கணினி அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் புத்தகப் பக்கங்களை எழுத்துக்கோத்து அச்சுப்பொறிக்கு அனுப்பும் மென்பொருள்களைப் பார்த்துக்கொண்டது அவர்தான். எவரோ எழுதியதை வாங்கி, ஓட்டை உடைசலை அடைத்து, ஊரார் கணினியில் சிக்கலில்லாமல் ஏறும்படி கட்டிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுக்குப் பொதி என்று பெயர். பொதியின் மேல் பொறுப்பாளர் பெயர் இருக்கும். கூலி கிடையாது. நன்றாக ஓடும்வரை எவனும் எட்டிப் பார்க்க மாட்டான், ஒரு நாள் மக்கர் செய்தால் உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து திட்டு வரும்.

செக் மொழிப் புத்தகங்களில் ஓரெழுத்துச் சொல் எதுவும் வரியின் கடைசியில் தனியாகத் தொங்கக் கூடாது. அப்படித் தொங்காமல் இழுத்துப் பிடிக்கிற சின்ன நிரல் ஒன்று அந்தப் பொதியில் உண்டு. அது லுபோரே எழுதியது. கடையில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் வரி முடிவுகளைத்தான் பார்ப்பார். "கதையைப் படிங்களேன், கண்ணு பூரா ஓரத்துலயே இருக்கே" என்று அலேனா கேலி செய்வாள். அலேனா அவர் மனைவி.

இந்த வேலை செய்கிறவர்கள் நகரத்தில் ஒரு கைப்பிடிதான். மாதத்துக்கு ஒரு தடவை 'நீல வாத்து' மதுக்கடையின் மூலை மேசையில் கூடுவார்கள். கணக்கு டீச்சர் விளாஸ்தாதான் அந்த மேசைக்குத் தலைவி மாதிரி. அந்தக் கணினி அமைப்பைக் கட்டுகிறவர்கள் மத்தியிலும் அவள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ராடிமை அங்கே கூட்டிக்கொண்டு வந்தது லுபோர். புது ஆளைச் சேர்க்க வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் நேரில் முகம் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, 'இது இன்னார்தான்' என்று தன் மின் கையொப்பத்தால் சாட்சி சொல்ல வேண்டும். ராடிமுக்குச் சாட்சி சொன்னது லுபோர். பீர் நுரை சொட்டிய அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு, "போட்டோவுலயாவது கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்டா" என்றார். அன்றிலிருந்து ராடிம் அவர் வீட்டில் சமையலறை வரை போய் வருகிற ஆள்.

பிறகு ராடிமுக்கு அச்சுப்பொறிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆசை. ஒவ்வொரு தடவை அச்சடிக்கும்போதும் யார், என்ன, எத்தனை பக்கம் என்று லுபோருடைய பொதி சத்தமில்லாமல் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

"யார் வீட்டுல என்ன அச்சடிக்கிறாங்கன்னு உனக்கெதுக்குடா?" என்றார் லுபோர். "நான் இருக்கற வரைக்கும் நடக்காது."

"சரி, விடு. கேக்கறது என் வேலை, மாட்டேங்கறது உன் வேலை" என்று சிரித்தான் ராடிம். அதோடு முடிந்தது என்று லுபோர் நினைத்தார். நல்லவர்களுக்கு எல்லாமே சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த அலேனா அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. லுபோர் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். பொறுப்பாளர்கள் வெகுநாள் ஒதுங்குவதாக இருந்தால் எல்லோரும் படிக்கிற மின்னஞ்சல் மடற்குழுவில் ஒரு வரி எழுதிவிட வேண்டும் என்பது வழக்கம். லுபோர் எழுதவில்லை. அந்தக் குழுவில் எழுதியது அழியாது. எவனும் எப்போதும் தோண்டி எடுத்துப் படிக்கலாம். தலைக்குச் சாயம் பூசுவதைக்கூட வெளியே சொல்லாதவள் அலேனா. அவள் வாய் கோணிக் கிடக்கிற சேதியை ஊர் உலகத்துக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை. ராடிமிடம் மட்டும் சொன்னார்.

"யாராவது தேடினா ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொல்லு, போதும். அவளைப் பத்தி வேண்டாம்."

"நான் இருக்கேன்ல? நீ அலேனாவைப் பாரு" என்றான் ராடிம்.

சும்மா சொல்லக் கூடாது, வந்தான். பச்சை ஃபிளாஸ்க்கில் பூண்டு சூப் கொண்டு வந்து, தன் கையாலேயே ஊட்டினான். வழிந்ததை முகம் சுளிக்காமல் துடைத்தான். அந்தக் குளிர்காலத்தில் அலேனா முதன்முதலாகச் சிரிக்க முயன்றது அவனைப் பார்த்துத்தான். லுபோர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வசந்தம் வந்தது, அலேனாவும் வீட்டுக்கு வந்தாள். அவள் தங்கை வந்து துணைக்கு உட்கார்ந்த ஒரு மாலையில் லுபோர் டிராம் பிடித்து நீல வாத்துக்குப் போனார். அவரைக் கண்டதும் விளாஸ்தா எழுந்தே விட்டாள்.

"லுபோர்! கோவமெல்லாம் ஆறிடுச்சா?"

"என்ன கோவம்?"

"நீ எங்க எல்லார் மேலயும் வெறுத்துப்போய் எங்கயோ ஒதுங்கிட்டேன்னு ராடிம் என்கிட்ட சொன்னானே. தொந்தரவு பண்ணாதீங்கன்னான். அதான் நான் போன்கூடப் பண்ணல." கொஞ்சம் தயங்கினாள். "பொதியை அவன்கிட்டயே குடுத்துட்டோம்பா."

லுபோர் உட்காரவில்லை.

பொறுப்பாளர் வெகுநாள் பதில் சொல்லாவிட்டால் பொதியை வேறொருவர் கேட்டு வாங்கலாம். அதற்கு முன், அவரை அறிந்தவர்கள் யாராவது உண்டா, அவருக்கு என்ன ஆயிற்று என்று குழுவில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். இந்த முறை கேட்டவள் விளாஸ்தா.

"அவன் ஒருத்தன்தான் பதில் போட்டான்" என்றாள். "பல தடவை முயற்சி பண்ணேன், ஆள் எங்க இருக்கார்னு தெரியலன்னு. உன் கூட்டாளியே சொல்றப்போ நான் எதுக்குச் சந்தேகப்படணும்?"

அந்த நேரம் பார்த்து ராடிம் உள்ளே வந்தான். மழையில் நனைந்த கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பியவன், லுபோரைப் பார்த்ததும் மறுபடியும் கோட்டின் மேல் கை வைத்தான்.

"குளிர்காலம் பூரா நான் எங்க இருந்தேன்?" என்றார் லுபோர்.

"இங்க வேண்டாம், லுபோர்."

"சொல்லு. இவங்களுக்குத் தெரியாதாம்."

"ஆஸ்பத்திரியில."

"உனக்கு எப்படித் தெரியும்?"

விளாஸ்தா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ராடிமையே பார்த்தாள்.

"அப்போ நம்ம அமைப்போட புதுப் பதிப்புக்குக் கதவு சாத்தற நேரம்" என்றான் கடைசியில். "யாரும் பாக்கலன்னா பொதியையே தூக்கி வெளிய போட்டிருப்பாங்க. உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான்..."

"அப்போ ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எல்லாரும் உனக்காகக் காத்திருப்பாங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. காத்திருந்திருப்பார்கள். இத்தனை வருஷ உழைப்பில் அவர் சேர்த்து வைத்தது அது ஒன்றுதான். அது இருப்பது தெரிந்தேதான் அவன் கை வைத்திருக்கிறான்.

"மீட்டுத் தரேன், விட மாட்டேன்" என்று விளாஸ்தா வாசல்வரை பின்னால் வந்தாள். மீட்டாலும் என்ன? கம்பெனி கேட்டதை ராடிம் அதில் சேர்த்தாயிற்று; அப்படிக் கோள் சொல்லும் பொதி புதுப் பதிப்போடு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தாயிற்று. வரி முடிவைப் பிடித்து இழுக்கும் லுபோரின் நிரலும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தார். ராடிமுக்குச் சொன்ன சாட்சியையாவது திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்று எல்லாம் தயார் செய்தார். அப்புறம்தான், தான் சாட்சி சொன்னது எதற்கு என்று யோசித்தார். இந்த முகத்துக்கு இந்தப் பெயர். அவ்வளவுதான். அதில் இன்றைக்கும் பொய்யில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கணினியை மூடினார்.

சமையலறையில் அலேனா இடது கையால் மேசையைத் தட்டிக் கூப்பிட்டாள். சில நாட்களாகச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அலமாரியின் மேல் கழுவிக் கவிழ்த்திருந்த பச்சை ஃபிளாஸ்க்கைக் காட்டினாள்.

"ராடிம்... ஏன் வரல? இதை... திருப்பிக் குடுக்கணும். நல்ல... பையன்."

வீடு வந்த பிறகு அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. சந்தோஷத்தில் அவள் முகம் சிவந்திருந்தது. லுபோர் ஃபிளாஸ்க்கை எடுத்து, ஈரமே இல்லாத அதைத் துண்டால் துடைத்தார்.

"பல தடவை முயற்சி பண்ணேன், அலேனா" என்றார். "ஆள் எங்க இருக்கான்னு தெரியல."